கைவினைச் செய்முறை நூல்

கைவினைச் செய்முறை நூல் என்பது ஒரு பொருளைக் கையால் செய்யும் முறையை, அதனை முன்னர் செய்து பழகாத ஒருவர் படித்துத் தாமாகவே செய்து முடிக்கத்தக்கவாறு, படிப்படியாக விளக்கும் நூல் ஆகும். தையல், பின்னல், நெசவு, கோலம், பூத்தொடுத்தல், காகித மடிப்பு, பொம்மை செய்தல், சிற்பம் எனப் பல துறைகளில் இத்தகைய நூல்கள் உள்ளன. சமையல் நூல்கள் தனி வகையாகக் கொள்ளப்பட்டாலும் எழுதும் முறையில் இவற்றுக்கு மிக நெருங்கியவை.

ஒரு கலையின் வரலாற்றைக் கூறும் நூலில் ஒரு தொடர் தெளிவற்று இருந்தால் படிப்பவர் அதனைக் கடந்து செல்ல முடியும். செய்முறை நூலில் அவ்வாறு முடியாது. ஐந்தாம் படி விளங்காவிட்டால் ஆறாம் படியைத் தொடங்குவதற்கான பொருள் கையில் இருக்காது. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆசிரியர் அருகில் இல்லை. தொழிலைத் தலைமுறையாகக் கற்பித்து வந்த குடும்பமோ பட்டறையோ இல்லாத இடத்தில், அத்தொழிலைப் புதிதாக ஒருவர் கற்க முடியுமா என்பது பெரும்பாலும் இவ்வகை எழுத்தின் தெளிவைப் பொறுத்ததாகும்.

சிக்கலின் தன்மை

கைவினைஞர் ஒருவர் தம் தொழிலைப் பற்றி அறிந்தவை அனைத்தையும் சொற்களால் கூறிவிட முடிவதில்லை. மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949 இல் வெளியிட்ட நூலில், ஒரு செய்தியை அறிந்திருப்பதையும் ஒரு செயலைச் செய்யத் தெரிந்திருப்பதையும் வேறுபடுத்திக் காட்டினார். மைக்கேல் போலானி 1966 இல் வெளியிட்ட நூலில், சொல்லக்கூடியதைவிட மிகுதியாக அறிந்திருக்கும் நிலையை விரிவாக ஆராய்ந்தார். மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர் தாம் எவ்வாறு விழாமல் இருக்கிறார் என்பதை விளக்க முடியாதிருப்பது இதற்கு வழமையாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டாகும்.

பயிற்சி மிகும்போது பல சிறு செயல்கள் ஒன்றாக இணைந்து, செய்பவரின் கவனத்திலிருந்து மறைந்துவிடுகின்றன. தொடக்கநிலையாளருக்கு ஆறு படிகளாகத் தோன்றும் வேலை, தேர்ந்தவருக்கு ஒரே அசைவாகத் தோன்றுகிறது. எனவே தொழிலை மிக நன்றாக அறிந்தவரே, எழுதும்போது இன்றியமையாத படிகளை அறியாமல் விட்டுவிடும் வாய்ப்பு மிகுதி.

பிரான்சில் 1751 முதல் 1772 வரை வெளியான கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியர் டெனிசு டிடரோ இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டார். தொழில்கள் பற்றிய கட்டுரைகளுக்காகப் பட்டறைகளுக்குச் சென்று தொழிலாளர்களிடம் கேட்டறிய வேண்டியிருந்தது. அக்களஞ்சியத்தின் 28 தொகுதிகளில் 11 தொகுதிகள் படங்களுக்காகவே ஒதுக்கப்பட்டன. கருவிகளும் கைகளின் நிலைகளும் அப்படங்களில் தனித்தனியே வரையப்பட்டுள்ளன.

எடுத்துக்காட்டு: பூத்தொடுத்தல்

கோயம்புத்தூரில் ஆர்.எஸ்.புரத்தை ஒட்டிய பூ மார்க்கெட்டில் சத்தியமங்கலம் முதலிய இடங்களிலிருந்து வரும் மல்லிகை, உதிரிப்பூவாக எடைக்கும் தொடுத்த சரமாக முழத்துக்கும் விற்கப்படுகிறது. பூத்தொடுப்பவர்கள் பேசிக்கொண்டே, கையைப் பாராமலேயே தொடுப்பதைக் காணலாம். இவ்வளவு எளிதாகத் தோன்றும் வேலையை எழுத்தில் கூறும்போது, பெரும்பாலும் பின்வருமாறு எழுதப்படும்:

"பூக்களை இருபுறமும் வைத்து நூலால் இறுக்கிக் கட்டவும்."

இத்தொடரில் பிழை இல்லை. ஆனால் இதனைக் கொண்டு எவரும் பூத்தொடுக்க இயலாது. எத்தனை பூ, காம்பு எத்திசையில், எந்தக் கையில் நூல், எவ்வகைக் கட்டு ஆகிய எதுவும் இதில் இல்லை. சற்று விரித்து எழுதினால் அது பின்வருமாறு அமையும்:

1. நூலின் நுனியை இடக்கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடிக்கவும். எஞ்சிய நூல் வலக்கையில் இருக்க வேண்டும்.
2. இரண்டு மொட்டுகளைத் தலை இடப்புறம் இருக்குமாறும், வேறு இரண்டு மொட்டுகளைத் தலை வலப்புறம் இருக்குமாறும் வைக்கவும். நான்கு காம்புகளும் நூலின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வேண்டும்.
3. காம்புகளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, அவை கூடும் இடத்தில் நூலை ஒரு முறை சுற்றவும்.
4. வலக்கை நூலை ஒரு முறை முறுக்கிக் கண்ணி ஆக்கவும். கண்ணியை ஒரு பக்கத்து மொட்டுகளின் தலைவழியே நுழைத்து, காம்புகள் கூடும் இடத்துக்குக் கொண்டுவந்து இறுக்கவும்.
5. சரத்தைத் தூக்கி மெல்ல அசைத்துப் பார்க்கவும். மொட்டு நழுவினால் கட்டு தளர்வானது. காம்பு நசுங்கியிருந்தால் கட்டு மிகையானது.
6. அடுத்த நான்கு மொட்டுகளை முந்தியவற்றை ஒட்டி வைத்து, 2 முதல் 5 வரையுள்ள படிகளை மீண்டும் செய்யவும்.

ஒரு தொடர் ஆறு படிகளாக விரிந்த பின்னரும் ஒரு குறை எஞ்சியுள்ளது. நான்காம் படியில் நூலை எத்திசையில் முறுக்க வேண்டும் என்பது கூறப்படவில்லை. திசை மாறினால் கண்ணி இறுகாமல் அவிழ்ந்துவிடும். அதனைச் சொற்களால் கூறுவதைவிட ஒரு படத்தால் காட்டுவது எளிது. எங்கே சொல் போதும், எங்கே படம் வேண்டும் என்பதைப் பிரித்தறிவது செய்முறை நூலாசிரியரின் முதன்மையான பணிகளுள் ஒன்றாகும்.

அளவு

"சிறிது", "தேவையான அளவு", "பக்குவமாக" ஆகிய சொற்கள் அறிந்தவருக்கே பொருள் தருபவை. இவற்றை எண்ணாலும் அலகாலும் குறிப்பது தெளிவின் முதற்படி எனலாம். ஆனால் அலகுகளும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுகின்றன. முழம் என்பது அளப்பவரின் கையைப் பொறுத்தது. படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. கொங்கு நாட்டில் தானியம் அளப்பதற்கு வள்ளம் என்ற அளவையும் வழங்கியது.

இந்தியாவில் 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்னர் எழுதப்பட்ட நூல்களில் உள்ள ஆழாக்கு, பலம், தோலா போன்ற அலகுகள் பிற்காலத்தவருக்கு விளங்காதவை ஆயின. ஒரு படி எட்டு ஆழாக்கு என்பது அன்று யாவரும் அறிந்தது. இன்று அதற்கு விளக்கம் தேவைப்படுகிறது. இதனால் அளவை அட்டவணை ஒன்றை நூலின் முகப்பில் தருவது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது.

அலகு மாறினாலும் பாதிக்கப்படாத ஒரு முறை தமிழகச் சிற்பத் தொழிலில் உள்ளது. சிற்ப நூல்கள் உருவத்தின் உறுப்புகளை அங்குலம், சென்டிமீட்டர் போன்ற நிலையான அலகுகளால் கூறாமல், அவ்வுருவத்தின் மொத்த உயரத்தின் பகுதிகளாகக் கூறுகின்றன. இது தாலமுறை எனப்படுகிறது. உத்தம தசதாலத்தில் உருவத்தின் உயரம் 124 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. சுவாமிமலைச் சிற்பிகள் படிமத்தின் உயரத்துக்கு ஏற்ப நறுக்கிய தென்னை ஓலையை மடித்து, மடிப்புகளால் உறுப்புகளின் அளவைக் குறிக்கின்றனர். இது ஒடியோலை எனப்படும். உருவம் சிறிதாயினும் பெரிதாயினும் விகிதம் மாறாது. தையலில் உடல் அளவைப் பகுத்து வெட்டுத்துணியின் அளவைக் கணக்கிடும் முறையும் இதே அடிப்படையில் அமைந்ததாகும்.

பதம்

எண்ணும் அலகும் இருந்தாலும் எல்லாவற்றையும் அளந்து கூற முடியாது. அடுப்பின் சூடு, காற்றின் ஈரம், நூலின் தன்மை ஆகியவை இடத்துக்கு இடம் மாறுபடுபவை. இத்தகைய இடங்களில் ஒரு படி முடிந்துவிட்டது என்பதைக் காட்டும் அடையாளத்தைக் கூற வேண்டும். இதற்குத் தமிழில் பதம் என்னும் சொல் உள்ளது.

பாகு காய்ச்சுவதில் வழங்கும் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்பவை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். பாகை இரு விரல்களுக்கு இடையில் தொட்டுப் பிரித்தால் கம்பியாக நீள வேண்டும் என்பதும், நீரில் விட்ட பாகு கையில் உருட்ட வர வேண்டும் என்பதும் வெப்பமானி இல்லாமலே எவரும் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள். "பத்து நிமிடம் காய்ச்சவும்" என்ற அறிவுரை வேறொரு அடுப்பில் தவறாகலாம். பதச் சோதனை அவ்வாறு தவறுவது அரிது. நேரத்தையும் பதத்தையும் சேர்த்துக் கூறுவதே சிறந்த முறையாகும். நேரம் எப்போது கவனிக்கத் தொடங்க வேண்டும் என்பதையும், பதம் எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் காட்டுகின்றன.

கைத்தறி நெசவில் பாவு தோய்தல் என்னும் வேலை இத்தகையது. நெய்வதற்கு முன்னர் பாவு நூலைத் தெருவில் நீளமாக விரித்து அரிசிக் கஞ்சி ஊட்டுவர். கொங்குப் பகுதியில் இவ்வேலைக்கான திறந்தவெளி பாவடி எனப்படுகிறது. சில ஊர்களில் அது இடப்பெயராகவும் நிலைத்துள்ளது. கஞ்சி குறைந்தால் நெய்யும்போது இழை பிசிறி அறும். மிகுந்தால் இழை விறைத்து ஒடியும். அன்றைய வெயிலும் ஈரமும் நூலின் நயமும் சேர்ந்து கஞ்சியின் திட்பத்தைத் தீர்மானிப்பதால், இதற்கு ஒரே ஓர் எண்ணைக் கொடுப்பது பயன் தராது. தொட்டால் எவ்வாறு இருக்க வேண்டும், தவறினால் என்ன நேரும் ஆகிய இரண்டையும் எழுத வேண்டும்.

வரிசையும் தொடரமைப்பும்

தமிழில் வினையெச்சங்களை அடுக்கி மிக நீண்ட தொடரை எழுத முடியும். "கழுவி, நறுக்கி, உலர்த்தி, இடித்து, சலித்து, பிசைந்து வைக்கவும்" என்ற தொடர் இலக்கணப்படி சரியானது. ஆனால் ஆறு வேலைகள் ஒரு முற்றுவினைக்குள் அடங்கிவிடுவதால், கையில் வேலையை வைத்துக்கொண்டு படிப்பவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதை மீண்டும் கண்டுபிடிப்பது கடினம். ஒரு படிக்கு ஒரு முற்றுவினை என்பது செய்முறை எழுத்துக்குப் பொருத்தமான விதியாகும்.

நிபந்தனையை வினைக்கு முன்னர் வைப்பது தமிழ்த் தொடரமைப்பின் இயல்பு. "ஆறிய பின் மாவைச் சேர்க்கவும்" என்ற தொடரில், செய்ய வேண்டியதற்கு முன்பே காத்திருக்க வேண்டும் என்ற செய்தி வந்துவிடுகிறது. "மாவைச் சேர்க்கவும். அதற்கு முன் பாகு ஆறியிருக்க வேண்டும்" என்று எழுதினால், படித்துக்கொண்டே செய்பவர் சூடான பாகில் மாவைக் கொட்டிய பின்னரே இரண்டாம் தொடரைப் படிப்பார். காயம் நேரக்கூடிய வேலைகளில் எச்சரிக்கை அந்தப் படிக்கு முன்னரே இடம்பெற வேண்டும் என்பதும் இதனால்தான்.

இடம், வலம், மேல், கீழ் ஆகிய சொற்களும் குழப்பம் தருபவை. அவை செய்பவரைக் குறித்தனவா, பொருளைக் குறித்தனவா, படத்தைக் குறித்தனவா என்பதை நூலின் தொடக்கத்திலேயே ஒரு முறை வரையறுப்பது நல்லது.

குறியீடுகள்

ஒரே வகைச் செயல்கள் திரும்பத் திரும்ப வரும் துறைகளில் சொற்களுக்கு மாற்றாகக் குறியீடுகள் தோன்றியுள்ளன.

தமிழ்க் கோல நூல்களில் வழங்கும் புள்ளிக் கணக்கு அவற்றுள் ஒன்று. "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்பதன் பொருள் பின்வருமாறு: நடு வரிசையில் 15 புள்ளிகள், அதன் இருபுறமும் 14, 13 என ஒவ்வொன்றாகக் குறைந்து 8 இல் முடியும் வரிசைகள், ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையில் அமைய வேண்டும். மொத்தம் 15 வரிசைகளும் 169 புள்ளிகளும் இச்சிறு தொடரில் அடங்கியுள்ளன. "15 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி" என்றால் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக அமைந்து, வரிசைக்கு இரண்டிரண்டாகக் குறையும். இதில் மொத்தம் 113 புள்ளிகள் வரும்.

புள்ளிகளை இவ்வளவு சுருக்கமாகக் கூறும் கோல நூல்கள், கோட்டை இழுக்கும் வரிசையைப் பெரும்பாலும் கூறுவதில்லை. முடிந்த கோலத்தின் படம் மட்டுமே தரப்படும். ஒரே கோடாகச் சுற்றி வரும் சிக்குக் கோலத்தில் எங்கே தொடங்கி எவ்வழியே செல்வது என்பதைப் படிப்பவரே கண்டறிய வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், கோலங்களை முறையான இலக்கண விதிகளால் உருவாக்க முடியும் எனக் காட்டினர். கணினியியலில் பட மொழிகள் பற்றிய ஆய்வுக்கு இது பங்களித்தது.

காகித மடிப்புக் கலையில் சப்பானியக் கலைஞர் அகிரா யோசிசாவா 1954 இல் வெளியிட்ட நூலில் கோடுகளும் அம்புக்குறிகளும் கொண்ட குறியீட்டு முறையைப் பயன்படுத்தினார். அமெரிக்கரான சாமுவேல் ரேண்ட்லெட் 1960களில் அதனை விரிவுபடுத்தினார். உட்புறமாக மடிவதற்குக் கோட்டுத்துண்டுகளும், வெளிப்புறமாக மடிவதற்குக் கோடும் புள்ளியும் கலந்த வரியும் பயன்படுகின்றன. இதனால் சப்பானிய மொழி அறியாதவரும் சப்பானிய நூலைப் பார்த்து மடிக்க முடிகிறது.

குறியீடு பொதுவானதாக இல்லாவிட்டால் தீங்கும் நேரும். அமெரிக்கக் குரோஷே நூல்களில் சிங்கிள் குரோஷே எனப்படும் பின்னல், பிரித்தானிய நூல்களில் டபுள் குரோஷே எனப்படுகிறது. எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதைக் கூறாத நூலைக் கொண்டு பின்னினால், ஒவ்வொரு படியையும் சரியாகச் செய்தும் பொருள் வேறு அளவில் வந்து முடியும்.

கலைச்சொற்கள்

கைவினைச் சொற்கள் தொழிற்களத்தில் ஒருவாறும் பாடநூல்களில் வேறொருவாறும் வழங்குவது தமிழில் காணப்படும் தனிச்சிக்கலாகும். நெசவாளர் பாவு, ஊடை என்று கூறுபவற்றைப் பாடநூல்கள் நெடுக்கிழை, குறுக்கிழை என்று குறிப்பிடுகின்றன. பாடநூற்சொல் பொருள் விளக்கமானது. ஆனால் அச்சொல்லைக் கொண்டு தறிக்கூடத்தில் எதையும் கேட்டு வாங்க முடியாது. தொழிற்சொல்லை முதன்மையாக எழுதி, முதல் முறை வரும்போது அதன் பொருளை விளக்கிவிடுவது இரு சாராருக்கும் பயன்படும். தையலில் அளவுகள் இன்றும் அங்குலத்தில் பேசப்படுவதும் இவ்வாறே கருதத்தக்கது.

தமிழில் செய்முறை நூல்கள்

தமிழகத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் மயமதம் போன்ற வடமொழிச் சிற்ப, கட்டிட நூல்கள் செய்யுளில் அமைந்தவை. அவை நினைவில் கொள்வதற்கு ஏற்றவை. ஆசான் ஒருவர் உடனிருந்து விரித்துரைப்பார் என்ற எதிர்பார்ப்புடன் எழுதப்பட்டவை. வை. கணபதி ஸ்தபதியின் சிற்பச் செந்நூல் (1978) இம்மரபின் அளவுகளையும் முறைகளையும் தமிழ் உரைநடையில் தந்தது.

எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய சமைத்துப் பார் (1951) ஆசான் உடனில்லாத வாசகரை முன்னிறுத்தி எழுதப்பட்ட தமிழ் நூல்களுள் குறிப்பிடத்தக்கது. மூத்தோருடன் கூடி வாழ்ந்த வீட்டிலிருந்து பிரிந்து, தொலைவில் குடித்தனம் நடத்தச் சென்ற இளம்பெண்களுக்கு இந்நூல் வழிகாட்டியாக அமைந்தது. பொருள்களின் அளவு முதலிலும் செய்முறை பின்னருமாக அமைந்த இந்நூல், பின்னர் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. திருமணமாகிச் செல்லும் பெண்களுக்கு இதனைக் கொடுத்தனுப்பும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு.

1937 இல் வார்தாவில் நடைபெற்ற மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்றல் போன்ற கைத்தொழிலைப் பள்ளிக் கல்வியின் மையமாக வைத்தது. இதனால் கைத்தொழிலை வகுப்பறையில் கற்பிப்பதற்கேற்ற பாடத்திட்டங்கள் தேவைப்பட்டன. கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ளதும் தி. சு. அவினாசிலிங்கம் 1930 இல் தோற்றுவித்ததுமான இராமகிருட்டிண வித்தியாலயம் காந்தியக் கல்வி முயற்சிகளில் ஈடுபட்ட நிறுவனமாகும். அங்கே ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன், பின்னர் 10 தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் (1954–1968) முதன்மைப் பதிப்பாசிரியர் ஆனார். ஆர்.எஸ்.புரத்துக்கு அண்மையில் 1957 இல் தொடங்கப்பட்ட அவினாசிலிங்கம் மகளிர் மனையியல் கல்லூரி, உணவு, ஆடை ஆகிய துறைகளை உயர்கல்விப் பாடங்களாகக் கற்பித்தது.

எளிய பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யும் முறைகளை எழுதிய அரவிந்த் குப்தாவின் நூல்கள் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவந்துள்ளன. தீக்குச்சி, மிதிவண்டி வால்வு ரப்பர்க் குழாய் போன்ற எங்கும் கிடைக்கும் பொருள்களைத் தேர்ந்ததும், படிக்கு ஒரு கோட்டோவியம் தந்ததும் அவற்றின் தெளிவுக்குக் காரணங்களாகும்.

சோதித்துப் பார்த்தல்

எழுதியவரே தம் எழுத்தைச் சோதிக்க முடியாது. விடுபட்ட படியை அவர் கை தானாகவே நிரப்பிவிடும். அத்தொழிலை அறியாத ஒருவரிடம் எழுத்தை மட்டும் கொடுத்து, வாய் திறவாமல் அருகிலிருந்து கவனிப்பதே பயன்தரும் சோதனை ஆகும். செய்பவர் நிற்கும் இடம், பின்னோக்கிப் படிக்கும் இடம், தாமாக ஊகிக்கும் இடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் மூன்றாவதே கவனிக்க மிகக் கடினமானது. கணினி தெளிவற்ற கட்டளையைப் பெற்றால் பெரும்பாலும் பிழைச் செய்தியுடன் நின்றுவிடும். மனிதர் நிற்பதில்லை, ஊகித்து மேலே செல்வர். ஊகம் தவறு என்பது பல படிகளுக்குப் பின்னரே தெரியவரும்.

நிகழ்படங்களும் செய்முறை நூலும்

கைவினை கற்க விரும்புவோர் பலர் இன்று இணைய நிகழ்படங்களைப் பார்க்கின்றனர். விரலின் அசைவு, நூலின் முறுக்கு போன்றவற்றைக் காட்டுவதில் நிகழ்படம் அச்சு நூலினும் சிறந்தது. ஆயினும் அளவும் பதமும் வரிசையும் அதில் தாமாகத் தெளிவாகிவிடுவதில்லை. தேர்ந்த கை விரைவாகச் செய்வதைப் பார்ப்பவருக்கு, எது இன்றியமையாதது, எது அவருடைய தனிப்பழக்கம் என்பதைப் பிரித்தறிய முடிவதில்லை. ஒரு தறிக்கூடத்தைப் படம்பிடித்து வைப்பதால் அங்கு நடக்கும் வேலை காட்சியாகப் பாதுகாக்கப்படும். அதனை வேறொருவர் மீண்டும் செய்வதற்கு, கஞ்சி எப்போது போதும், இழை ஏன் அறுந்தது என்பன போன்ற விடைகளும் எழுத்தில் இருக்க வேண்டும். அவ்விடைகளை அறிந்த கைவினைஞர்கள் தொழிலில் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி, அறியாத ஒருவரைக் கொண்டு சோதித்துப் பதிவு செய்வது கைவினை ஆவணப்படுத்தலின் முதன்மையான தேவையாகும்.